அடுப்புக்கு மேலே வைத்த அடெப்டர்

கல்யாணச் சேலைகளுக்கும் கீழே, தகரப் பெட்டியின் அடியில், வெளுத்துப்போன ஒரு துப்பட்டாவில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது அந்த சோல்டரிங் அயன். பேனாவைவிடச் சற்றே தடித்த நீலக் கைப்பிடி. மின்சாரத்தில் சூடேறி ஈயத்தை உருக்குகிற முனை மட்டும் நேற்றுத்தான் துடைத்து வைத்ததைப் போல வெள்ளியாய் மின்னியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மதினி எழுந்து நின்ற கணத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெயர் அழைக்கப்பட்டு மேடைக்குப் போகும்முன் ஒரு பேச்சாளர் உள்ளிழுக்கும் மூச்சு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று அவர் இழுத்தது அந்த மூச்சு. எங்கள் வீட்டுக்கு வந்த எட்டு மாதங்களில் எவர் கண்ணிலும் படாமல் அவர் மறைத்து வைத்திருந்த பொருள் அது.

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், தொழிலாளர் வீட்டு வரிசையான மூன்றாம் லயத்தின் கடைசிக் காம்பரா எங்கள் வீடு. அண்ணன் கட்டாரில் சாரதி. திருமணம் முடிந்த ஐந்தாம் வாரம் அவர் விமானம் ஏறிவிட, மதினி எங்களுடன் தங்கினார். அப்பா தோட்டத்து ஃபேக்டரியின் சல்லடை அறையில் இருபத்தாறு வருடங்கள் நின்றவர். அந்தத் தேயிலைத் தூசி அவருடைய நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மழைக்காலம் வந்தால் மூச்சு இழுக்கத் தொடங்கும். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியே கொடுக்கிற ஒரு சிறிய இயந்திரத்தை அண்ணன் கட்டாரிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டில் அதற்கு மூச்சு மெஷின் என்று பெயர். சுவர் மின்சாரத்தைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் கறுப்பு அடெப்டர் ஒன்று அதனுடன் வந்தது. அந்த அடெப்டர் இல்லாவிட்டால் இயந்திரம் வெறும் பிளாஸ்டிக் பெட்டி.

நான் அப்போது உயர்தர வகுப்பில், பாடசாலையின் விவாத அணித் தலைவி. ஒரு கூற்றை மூன்று வாதங்களாக உடைத்து, மூன்றையும் ஒரே முடிவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பயிற்சியை ஐந்து ஆண்டுகளாகப் பெற்றிருந்தேன். இன்றும் அந்தப் பயிற்சியைக் குறித்து எனக்குப் பெருமைதான். அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பு பொய்யாகும். ஆனால் வாதிக்கத் தெரிந்த ஒருத்தி இருக்கிற வீட்டில், வாதிக்கத் தெரியாதவர்களின் சரியான கருத்துகளுக்கு என்ன நேர்கிறது என்பதை அந்தப் பயிற்சியில் எவரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் மலையில் பனிமூட்டம் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. உப்பு கசியும், தீக்குச்சி பற்றாது, பள்ளிச் சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும். ஆகவே எல்லா வீடுகளிலும் அடுப்புக்கு மேலே ஒரு பலகை இருக்கும். ஈரம் ஆகாத அனைத்தும் அதன்மேல் ஏறும். இயந்திரம் வந்த அன்று அடெப்டரையும் அங்கேதான் வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். மதினி மெல்ல, “சூடு படாத எடமா வச்சா நல்லதுங்க தங்கச்சி. அலமாரிக்குள்ள துணி சுத்தி வப்போமா?” என்றார். நான் உடனே எழுந்து நின்று பதில் சொன்னேன். மின்சாதனத்துக்கு முதல் எதிரி ஈரம் என்றேன்; எங்கள் வீட்டிலேயே ஈரமற்ற ஒரே இடம் அடுப்புப் பலகை என்றேன்; தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் கண்ட அனுபவம் அது என்று முடித்தேன். அம்மா சிரித்துவிட்டு, “இவகிட்ட வாயக் குடுத்து யாரு ஜெயிக்கிறது? அங்கயே வைய்யி” என்றார். மதினி ஒரு ஸ்டூலில் ஏறி அடெப்டரைப் பலகையில் வைத்தார். தினமும் எடுத்துக் கொடுத்தவரும், திருப்பி வைத்தவரும் அவரே.

அதே மாதங்களில் நுவரெலியாவில் நடக்கவிருந்த ஒரு பேச்சுப் போட்டிக்கு நான் ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். மலையகப் பெண் முன்னேறிவிட்டாளா என்பது பொருள். இல்லை என்பது என் நிலைப்பாடு. சமையலறையே என் மேடை. “விடியலைத் தேடி நகரத்து ஆலைகளுக்குப் போனாளே, அங்கே அவள் சிந்தியது வியர்வையை மட்டுமா? தன் பெயரையும் அல்லவா தொலைத்துவிட்டு வந்தாள்!” என்று ஒரு பகுதி அதில் உண்டு. ‘அல்லவா’ என்ற சொல்லில் வலக்கை உயரும். கீழ் லயத்திலிருந்து அப்படிக் கட்டுநாயக்க ஆலைகளுக்குப் போய்வந்த ஒருத்தியைப் பற்றி அம்மா உடனே நினைவுகூர்ந்தார்: “பாவம், திரும்பி வந்து மூணு வருஷம். பொண்ணு கேட்டு எவனும் வாசப்படி மிதிக்கல.” கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்த மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அங்க வேலை செய்ற புள்ளைங்க யார்கூடயாச்சும் பேசியிருக்கீங்களா தங்கச்சி?”

“பேசணும்னு இல்ல மதினி. நெறையப் படிச்சிருக்கேன்.”

“அப்பச் சரி” என்றார். நான் பேசி முடித்ததும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கைதட்டவும் செய்தார். என் மேடை வாழ்க்கையில் பெற்ற கைதட்டல்களில் இன்றும் என்னைக் கூசச் செய்வது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்த ஐந்தாவது மாதத்தில் இயந்திரம் தடுமாறத் தொடங்கியது. குர்ரென்று ஒரு முறை உறுமும், நின்றுவிடும், அடெப்டரின் பச்சை விளக்கு கண் சிமிட்டும். மறுபடி செருகினால் சில நேரம் ஓடும். ஒரு வெள்ளிக்கிழமை அது ஓடவே மறுத்துவிட்டது. நான் அடெப்டரை எடுத்துக்கொண்டு கொட்டகலைக் கடைவீதிக்குப் போனேன். மின்சாமான் கடைக்கார நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தங்கச்சி, இத ஒடச்சி செஞ்சி தர எனக்கு ஏலா. இந்த வாய்க்குச் சரியா வார அடெப்டரும் இங்க இல்ல. கொழும்புக்குச் சொல்லி எடுத்தா ஒரு கிழமை போகும்” என்றார். சொல்லி எடுங்கள் என்று கேட்டுக்கொண்டு திரும்பினேன். அன்று மாலை பிடித்த மழை ஞாயிறு காலையிலும் விடவில்லை. கீழ் வளைவில் மண்மேடு சரிந்து பாதையை மூடியது. பஸ்ஸும் இல்லை, முச்சக்கர வண்டியும் இல்லை.

அப்பா கட்டிலின் விளிம்பில், முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்து அமர்ந்திருந்தார். ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாகத்தான் அவரால் சொல்ல முடிந்தது. ஊதுமருந்துக் குப்பியைக் குலுக்கினால் அதனுள்ளே எதுவும் ஆடவில்லை. இன்னும் மோசமானால் நாற்காலியில் வைத்து மண்சரிவைக் கடந்து தூக்கிப்போவது என்று நான்கு ஆண்கள் பேசி வைத்திருந்தார்கள். அந்த மழையில் அவருடைய நெஞ்சு அதைத் தாங்குமா என்று எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அப்போதுதான் மதினி, “அடெப்டரத் தெறந்து பாக்கவா மாமி?” என்றார்.

“கரண்டு சாமான்ல கை வைக்காத புள்ள” என்று அம்மா பதறினார்.

“அது நமக்குத் தெரியாத வேலை மதினி” என்றேன் நான்.

“ஒங்களுக்குத் தெரியாது தங்கச்சி. எனக்குத் தெரியும்.” அவர் குரலை உயர்த்தவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார்.

அயனை எடுத்துக்கொண்டு அவர் நேரே இஸ்தோப்புக்குப் போனார். லயத்துக் காம்பராவின் முன்னால், கூரை நீண்டு நிற்கும் திறந்த தாழ்வாரம்தான் இஸ்தோப்பு. அங்கே இருப்பவரை வரிசையிலுள்ள அத்தனை வீடும் பார்க்கும். மழை பிடித்த ஞாயிறு. எல்லாப் பெண்களும் தத்தம் இஸ்தோப்பில்தான் இருந்தார்கள். “சாரல் அடிக்குது, உள்ளயே செய்ங்களேன்” என்றேன். “ஈயம் உருகுறப்ப ஒரு புகை வரும். அது மாமாவுக்கு ஆகாது. நெஞ்சு இன்னும் அடைச்சுக்கும்” என்றார். உள்ளே செய்திருந்தால் எங்கள் நால்வரோடு போயிருக்கும் ஒரு விஷயத்தை, அந்தப் புகைக்காக அவர் லயத்தின் நடுவே கொண்டுவந்து வைக்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. நீட்டு வயரை இழுத்துக் கொடுத்தேன், கதவைச் சாத்தினேன்.

அடெப்டர் திருகாணி இல்லாத, ஒட்டிய பெட்டி. விளிம்பில் கத்தியை வைத்து அம்மிக் குழவியால் நான்கு பக்கமும் மெல்லத் தட்ட, ஓடு இரண்டாகப் பிரிந்தது. உடனே கைவைப்பார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும் என்று சொல்லி, ஒரு பழைய குண்டு பல்பின் இரண்டு வயர்களையும் பெரிய உருளை ஒன்றின் கால்களில் சற்று நேரம் பிடித்து, தங்கியிருந்ததை வடியவிட்டார். அதன்பின் உள்ளிருந்த மின்சுற்றுப் பலகையை வெளிச்சத்தில் திருப்பினார். முழுவதும் ஒரு மெல்லிய கரிப் படலம். சிறிய உருளைகளில் ஒன்றின் தலை, கல்லில் போட்ட ரொட்டியைப் போல உப்பியிருந்தது. கெப்பாசிட்டர் என்ற அந்தப் பாகத்துக்குள் ஒரு ஈரம் இருக்கும் என்றும், அது காயாமல் இருக்கும்வரைதான் அதற்கு உயிர் என்றும் சொன்னார். எந்த ஈரத்துக்குப் பயந்து நான் வாதிட்டேனோ, அந்த ஈரம் உள்ளே தேவைப்பட்டிருக்கிறது. அடுப்பின் சூடு ஐந்து மாதங்களில் அதைக் காயவைத்து முடித்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி மதினி சொன்னார்: “விவாதத்துல நீங்கதான் ஜெயிச்சீங்க தங்கச்சி. பாவம், இதுக்கு அது தெரியல.”

மாற்றுப் பாகம் கட்டிலுக்கு அடியில் கிடந்த உயிரற்ற டிவிடி பிளேயருக்குள் இருந்தது. இரண்டிலும் எழுதியிருந்த ஆயிரம் என்ற கொள்ளளவு ஒன்றுதான். வோல்ட் அளவு பழையதைவிட அதிகம். கூடினால் பாதகமில்லை, குறையத்தான் கூடாது என்றார். அயன் சூடேறியதும் ஈரத்துணியில் முனையை ஒரு தேய்ப்பு. அயனோடு வைத்திருந்த கம்பிச் சுருளிலிருந்து ஒரு துளி ஈயம். உப்பிய கெப்பாசிட்டரின் ஒரு காலில் சூடு வைத்து மெல்லச் சாய்த்தார், பிறகு மறு காலில். பல் பிடுங்குவதைப் போல அசைத்தசைத்து வெளியே எடுத்தார். அடைபட்ட துளையை ஈர்க்குச்சியால் திறந்தார். புதியதைச் செருகும்போது வெள்ளைக் கோடு போட்ட பக்கத்தை இரண்டு முறை பார்த்துக்கொண்டார். அந்தப் பக்கம் மாறினால் வெடிக்கும். காலையும் பலகையையும் ஒன்றாகச் சூடாக்கி, ஈயத்தைத் தொட்டு, எடுத்தார். அது தானாக ஓடிக் கூம்பாகப் படிந்து மின்னியது. அந்தக் கைகளில் அவசரமே இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குள் முடிந்தது. எட்டு மாதங்களாக அந்தக் கைகள் கிழங்கு சீவியதை மட்டுமே நான் பார்த்திருந்தேன்.

பக்கத்துக் காம்பராச் சித்தி தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன்டி, பூக் கட்டுற மாதிரியில்ல வச்சுக்கிட்டுப் போற. இத எங்கடி படிச்ச?” என்று கேட்டார். மதினியின் கை ஒரு கணம் நின்றதைக் கண்டேன். காரணம் தெரியாமலேயே, “யூடியூப்ல பாத்திருப்பாங்க சித்தி” என்று ஒரு பொய்யை எடுத்து நீட்டினேன். மதினி அதைப் பற்றிக்கொண்டிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். அவர் கையிலிருந்த இணைப்பை முடித்தார், அயனைத் தகர மூடியில் வைத்தார், நிமிர்ந்தார். கதவைத் திறந்துகொண்டு அம்மாவும் வந்து நின்றிருந்தார்.

“யூடியூப்ல இல்லைங்க. ஃபேக்டரியில. கொழும்புப் பக்கம், நாலு வருஷம் இதுதான் என் வேலை. துணிக்கடையில நின்னேன்னு எங்க வீட்டுல சொன்னது பொய்.”

இஸ்தோப்பு வரிசை முழுவதும் தலைகள் திரும்பின. நகரத்து ஆலை என்றால் பெயர் தொலையும் இடம் என்று அந்த வரிசையில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நானே அதைக் கைகளை உயர்த்திப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அம்மா கேட்டது ஒன்றுதான்: “எம் மகனுக்குத் தெரியுமா?”

“தெரியும் மாமி. பொண்ணு பாத்துட்டுப் போன மறுநாளே போன்ல சொல்லிட்டேன். ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னு அவங்கதான் சொன்னாங்க.”

“அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது” என்று அம்மா உள்ளே திரும்பினார்.

மதினி வேலையை விடவில்லை. நீண்டிருந்த கால்களை நகவெட்டியால் நறுக்கினார். கரியைப் பழைய பல்தூரிகையால் துடைத்தார். ஓட்டின் இரு பாதிகளையும் சேர்த்து மூடிக் கறுப்பு நாடாவால் சுற்றினார். பாதை மூடியதால் லயத்திலேயே நின்ற சித்தி மகனுடைய முச்சக்கர வண்டியிலிருந்து பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றைக் கழற்றி வரச்சொல்லி, முதலில் அதை எரியவிட்டார். ஒரு பானை சோறு வேகும் நேரம் அது சிமிட்டாமல் எரிந்தது. அதற்குப் பிறகே அடெப்டரை இயந்திரத்தில் செருக அனுமதித்தார். இயந்திரம் உறுமியது, நிற்கவில்லை. முகமூடிக்குள் வெண்மையான ஆவி சுருண்டது. அரைமணி நேரத்தில் அப்பாவின் தோள்கள் கீழே இறங்கின. முகமூடியைக் கழற்றிவிட்டு அவர் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடம்: “நம்ம ஃபேக்டரியில மூணு மெக்கானிக்கு. ஒருத்தனும் வேலை முடிஞ்ச எடத்தத் தொடைச்சு வச்சதில்ல. இந்தத் தாயி தொடைச்சு வச்சிருக்கு பாரு.”

ஆனால் அம்மா இரண்டு நாட்கள் மதினியுடன் பேசவில்லை. சோறு போட்டார், தேத்தண்ணீர் கொடுத்தார். சொல் மட்டும் இல்லை. எந்த நேரமும் தாய்வீட்டுக்கு அனுப்பப்படலாம் என்பதைப் போல மதினி தகரப் பெட்டியைப் பூட்டாமல் வைத்திருந்தார். மூன்றாம் நாள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில், எங்கள் வாசலில் நின்று பக்கத்துச் சித்தி ஒரு சார்ஜ் டோர்ச்சை நீட்டி, எரியவில்லை என்றார். அம்மா அதை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சற்று உரக்கவே சொன்னார்: “மருமககிட்டக் குடுக்குறேன். ஆனா அவசரப்படுத்தாத. வெளிய ஒக்காந்துதான் செய்வா, மழை விடணும்.” உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மதினி அப்படியே நின்றுவிட்டார். குழாய்த் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை மூடியது நான்.

அடுத்த வாரம் நுவரெலியாவில் போட்டி. முந்திய நாள் மதினியிடம் போய், ஆலைக்குப் போன பெண்ணைப் பற்றிய அந்தப் பகுதியை நீக்கிவிட்டு உங்கள் கதையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நடுவர்கள் எழுந்து நிற்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர் சிரித்தார். “போன வாரம் ஒன் பேச்சுல என்னைய அழ வச்சுக் கப்பு வாங்கப் பாத்த. இந்த வாரம் புகழ்ந்து வாங்கப் பாக்குறியா? போடி.” முதல்முறையாக என்னை ஒருமையில் அழைத்தார். தங்கச்சி என்ற மரியாதைக்குப் பின்னே அதுவரை அவர் நின்றிருந்த தூரம் எவ்வளவு என்பது அந்த ‘டி’யில்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் மேடையில் அந்த இடம் வந்தபோது பழைய வரிகளைச் சொல்ல வாய் வரவில்லை. புதியவை கையில் இல்லை. சில நொடிகள் வெறுமனே நின்றேன். மூன்றாம் இடம் கிடைத்தது. தடுமாற்றம் என்று நடுவர் குறித்திருந்தார். அந்தக் குறிப்பை நான் எதிர்த்து வாதிடவில்லை.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் விவாத அணியை நடத்துகிறேன். எதிர்த்தரப்பு மெல்லிய குரலில் ஒரு வாக்கியம் சொன்னால், அதை மறுப்பதற்குமுன் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்க்குமாறு இளையவர்களிடம் சொல்கிறேன், காரணத்தைச் சொல்வதில்லை. அண்ணன் திரும்பி வந்துவிட்டார். இஸ்தோப்பின் ஒரு மூலையில் பலகை அடித்துக் கொடுத்திருக்கிறார். அதன்மேல் எப்போதும் இரண்டு மூன்று சார்ஜர்கள் திறந்து கிடக்கும். கேட்பவர்களிடம் அம்மா இன்றும், “மருமக கொழும்புல படிச்சது” என்றுதான் சொல்வார். மதினி அதைத் திருத்துவதில்லை. அம்மா தன்னால் முடிந்த தூரம் நடந்து வந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தக் குறிப்பை எழுதி முடித்ததும், கடந்த விடுமுறையில் அவரிடம்தான் முதலில் கொடுத்தேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாகச் சொன்னேன். அயன் குளிரும்வரை இஸ்தோப்பில் அமர்ந்து நிதானமாக வாசித்தார். என்னை நானே கடிந்துகொண்ட நீண்ட பத்தி ஒன்றை மேலிருந்து கீழாக ஒரே கோட்டால் அடித்தார். “இதுலயும் ஒன்னப் பத்தித்தான் பேசுற” என்றார். பிறகு ‘கொழும்புப் பக்கம்’ என்ற சொற்களில் விரலை வைத்து, “இது யாருக்குப் பயந்து?” என்று கேட்டார். உங்களுக்காகத்தான் என்றேன். அன்று நீங்களே அப்படித்தானே சொன்னீர்கள் என்றேன்.

“அன்னைக்கு மாமி நின்னாங்க. அவ்ளோதான் வாய் வந்துச்சு” என்றார். என் பேனாவை வாங்கினார். அன்று சொன்ன சொல்லை அப்படியே விட்டுவிட்டு, தாளின் அடியில், மேடையே அறியாத அந்தச் சிறிய நேர்த்தியான கையெழுத்தில் எழுதினார். எழுதியதை எழுதியபடியே இங்கே தருகிறேன்:

‘கட்டுநாயக்கவில் நாலு வருசம். கடைசி வருசம் மத்தவங்க வச்ச ஈயத்தை எல்லாம் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டது நான்.’